வெக்டர் படத்தின் கலர் மாற மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்து சரிசெய்யலாம்

முறுக்கு பாக்கெட்டுக்கு ஒரு லேபிள் முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பச்சை அடித்தளம், கரும்பச்சையில் கொடி ஓரம், மஞ்சள் பட்டையில் கடைப் பெயர், கறுப்பில் எடையும் விலையும். கடைக்காரர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இதையே மிக்சருக்கு ஆரஞ்சுல, சீடைக்கு ஊதாவுல போட்டுக் குடுங்க" என்கிறார். கேட்பதற்குச் சின்ன வேலை. ஒவ்வொரு வடிவமாகக் கிளிக் செய்து நிறம் கொடுக்க உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இழுக்கும். அப்போதும் ஏதாவது ஓர் இலை பச்சையாகவே தங்கிவிடும்.

கீழே எல்லாவற்றுக்கும் அந்த லேபிளையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மெனுப் பெயர்கள் அடோபியின் வெக்டர் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டருடையவை. (புள்ளிகளாக இல்லாமல் கோடும் வடிவமுமாகச் சேமிக்கப்படும் படம்தான் வெக்டர்.) அதே வகை மென்பொருள்களான இங்க்ஸ்கேப், கோரல்ட்ரா பற்றிக் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

கலர் மாறாமல் அடம் பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கலர் வீலில் (நிறங்களைச் சுழற்றித் தேர்ந்தெடுக்கும் வட்டத்தில்) இல்லை. ஒரே பச்சை ஒரு ஃபைலுக்குள் பல இடங்களில் இருக்கும்: ஃபில்லில் (உள்நிறம்), ஸ்ட்ரோக்கில் (ஓரக்கோடு), க்ரேடியன்ட்டின் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் கலவை) ஒரு முனையில், பேட்டர்னுக்குள் (திரும்பத் திரும்ப வரும் வடிவம்), பிரஷ்ஷுக்குள், நிழல் எஃபெக்ட்டுக்குள். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மாற்றுவது நாலு கிளிக் வேலை. தெரியாமல் வீலைச் சுற்றிக்கொண்டே இருப்பதில்தான் நேரம் போகிறது.

தொடங்கும் முன் ஃபைலை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். லேயர்ஸ் பேனலில் பூட்டும் கண்ணும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். பூட்டியதும் மறைத்ததும் எந்தத் தேர்விலும் சேராது. ஃபைல் பெயர் இருக்கும் டேபில் ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கணக்கு) என்று இருக்கிறதா, சிஎம்ஒய்கே (அச்சுக்கான சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைக் கணக்கு) என்று இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

ஒரு பச்சையைத் தேர்ந்தெடுத்தால் பாதிதான் சிக்குகிறது

செலக்ட் > சேம் > ஃபில் கலர் கொடுக்கிறீர்கள். பத்து இலையில் ஆறு மட்டும் தேர்வாகிறது. கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைதான்.

விட்டுப்போன இலை ஒன்றைத் தனியாகத் தேர்ந்தெடுத்து கலர் பேனலில் எண்ணைப் பாருங்கள். முதல் ஆறில் சி 85, எம் 10, ஒய் 100, கே 10 என்று இருக்கும். இதிலோ சி 84.7, எம் 10.2 என்று தசமத்தில் இருக்கும். ஆர்ஜிபி ஃபைலிலிருந்து வெட்டி ஒட்டிய படத்திலும், நடுவில் டாக்குமென்ட் கலர் மோடை மாற்றிய ஃபைலிலும் இது நடக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் சாஃப்ட்வேருக்கு வேறு நிறம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது மேஜிக் வாண்ட் டூல். அதன் ஐகானை டபுள் கிளிக் செய்தால் டாலரன்ஸ் (எவ்வளவு நிற வித்தியாசம் வரை சேர்க்கலாம்) கேட்கும். சிஎம்ஒய்கே ஃபைலில் 5 போலச் சின்ன எண் கொடுத்து ஒரு இலையைத் தொட்டால், நெருக்கமான பச்சைகள் எல்லாம் சேர்ந்து வரும். எண்ணை ஏற்றிவிட்டால் கரும்பச்சை ஓரமும் கூடவே வந்துவிடும், கவனம். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எடிட் > எடிட் கலர்ஸ் > ரீகலர் ஆர்ட்வொர்க் போங்கள். 2020 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து முதலில் ஒரு சின்னப் பேனல்தான் திறக்கும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் தட்டினால் அசைன் பக்கம் வரும். படத்தில் இருக்கும் ஒவ்வொரு நிறமும் அங்கே ஒரு வரிசையாக நிற்கும். ஒன்றுபோல் இருக்கும் பச்சைகளை இழுத்து ஒரே வரிசையில் போடுங்கள். புதிய நிறப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியில் 'எக்ஸாக்ட்' தேர்ந்தெடுத்தால், அந்த வரிசையில் இருந்தவை எல்லாம் அச்சு அசலாக ஒரே எண்ணுக்கு வந்துவிடும். நிறம் மாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும், அழுக்கான ஃபைலைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது.

எண் சரியாக இருந்தும் சிக்கவில்லையா? அந்த இலையின் பச்சை ஸ்ட்ரோக்காக இருக்கலாம், க்ரேடியன்ட்டாக இருக்கலாம். குளோபல் ஸ்வாட்ச் (ஒருமுறை திருத்தினால் ஃபைல் முழுக்க மாறும் சேமித்த நிறம்) பயன்படுத்தியிருந்தால் ப்ரிஃபரன்சஸ் > ஜெனரலில் 'செலக்ட் சேம் டின்ட்' என்ற பெட்டியையும் பாருங்கள். அதில் டிக் இருந்தால் அதே சதவீத டின்ட் (அந்த நிறத்தின் வெளிறிய அளவு) மட்டும்தான் தேர்வாகும்.

எல்லாம் மாறியது, கறுப்பு மட்டும் நிற்கிறது

இது பிழை இல்லை. ரீகலர், கறுப்பையும் வெள்ளையையும் தானாகவே ஒதுக்கி வைக்கும். அசைன் பக்கத்தில் அந்த வரிசையில் அம்புக்குப் பதில் வெறும் கோடு இருக்கும். கோட்டைத் தட்டி, புதிய நிறம் சேர்க்க ஒப்புக்கொண்டால் கறுப்பும் ஆட்டத்துக்குள் வந்துவிடும். சாம்பல் நிறங்களும் ஒட்டிக்கொண்டு நின்றால், கலர் ரிடக்‌ஷன் ஆப்ஷன்ஸைத் திறந்து 'ப்ரிசர்வ்' வரியில் உள்ள டிக்குகளை எடுங்கள்.

ஆனால் எழுத்துக் கறுப்பை அவசரப்பட்டு விடுவிக்க வேண்டாம். சின்ன எழுத்து கறுப்பு மை ஒன்றிலேயே அச்சாவதுதான் நல்லது. நான்கு மையில் போனால் அச்சுத் தட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்.

மாறக்கூடாதது மாறிவிட்டது

உணவு லேபிளில் இது விளையாட்டு இல்லை. இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் சைவக் குறி, பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, சட்டப்படி பச்சையாகத்தான் இருக்க வேண்டும். லேபிள் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஆரஞ்சுக்குத் திருப்பினால் அந்தப் புள்ளியும் சத்தமில்லாமல் ஆரஞ்சாகிவிடும். பார்கோடும் அப்படித்தான். கடைகளில் உள்ள லேசர் ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பவை. கோடுகள் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ மாறினால், அந்த ஒளியில் வெள்ளைக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பில் போடும் இடத்தில் பாக்கெட் திரும்பி வரும்.

சைவக் குறி, பார்கோடு, மற்றவர்களின் முத்திரைகள் எல்லாவற்றையும் தனி லேயரில் போட்டுப் பூட்டுங்கள். அதோடு விடாதீர்கள். அந்தப் பச்சைப் புள்ளிக்குத் தனி ஸ்வாட்ச் கொடுங்கள். லேபிளின் பச்சையும் புள்ளியின் பச்சையும் ஒரே குளோபல் ஸ்வாட்சாக இருந்தால், லேயரைப் பூட்டியிருந்தாலும் பயனில்லை. ஸ்வாட்ச்சைத் திருத்திய நொடியில் பூட்டுக்குள் இருப்பதும் மாறும். இது தெரியாமல் பூட்டை மட்டும் நம்புகிறவர்கள் நிறைய.

நிறம் மாறியது, படத்தின் உயிர் போய்விட்டது

கொடியின் வெளிர்ப்பச்சை, நடுப்பச்சை, கரும்பச்சை மூன்றும் சேர்ந்து ஒரே ஆரஞ்சுத் திட்டாக ஆகிவிட்டதா? நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்திருப்பீர்கள், அல்லது மூன்று நிறம் கொண்ட கலர் க்ரூப்பை (சேர்த்து வைத்த நிறத் தொகுப்பு)த் தேர்ந்திருப்பீர்கள். பல பழைய நிறங்கள் ஒரு வரிசையில் விழுந்து, முறை 'எக்ஸாக்ட்' என்று இருந்தால் தட்டையாகத்தான் வரும். முன்பு ஃபைலைச் சுத்தம் செய்ய உதவிய அதே முறை இங்கே கெடுதல் செய்கிறது. 'ஸ்கேல் டின்ட்ஸ்' அல்லது 'டின்ட்ஸ் அண்ட் ஷேட்ஸ்' மாற்றிப் பாருங்கள். இருட்டும் வெளிச்சமும் திரும்பி வரும்.

தட்டையாகவில்லை, ஆனாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான நிற மாற்றங்கள் இங்கேதான் கெடுகின்றன.

கலர் வீலைச் சுழற்றும்போது எச்எஸ்பி (ஹியூ, சாச்சுரேஷன், பிரைட்னஸ்) எண்களில் நிற வகையைச் சொல்லும் ஹியூ மட்டும் மாறுகிறது, பிரைட்னஸ் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த பிரைட்னஸ் எண்ணும் கண் உணரும் வெளிச்சமும் ஒன்றல்ல. திரையில் வெள்ளையின் ஒளியை 100 என்று வைத்தால், முழு மஞ்சளின் ஒளி ஏறக்குறைய 93, முழுப் பச்சை 72, முழுச் சிவப்பு 21, முழு நீலம் வெறும் 7. எச்எஸ்பி கணக்கிலோ இந்த நான்குக்கும் பிரைட்னஸ் 100தான். அதனால் பச்சையிலிருந்து நீலம், ஊதா பக்கம் சுழற்றினால் படம் முழுவதும் இருண்டு போகிறது. மஞ்சள் பக்கம் சுழற்றினால் வெளிறிப்போகிறது. வீல் தவறு செய்யவில்லை. அது அளப்பது வேறு, நம் கண் அளப்பது வேறு.

சீடை லேபிளில் இது அப்பட்டமாகத் தெரியும். பச்சை அடித்தளத்தில் தெளிவாகப் படிக்க முடிந்த கறுப்பு விலை, ஊதா அடித்தளத்தில் முழுகிவிடும். சோதிக்க எளிய வழி: பழைய லேபிளையும் புதிய லேபிளையும் நகலெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் எடிட் கலர்ஸ் > கன்வர்ட் டு கிரேஸ்கேல் கொடுங்கள். பழையதில் எது இருட்டு, எது நடுத்தரம், எது வெளிச்சம் என்ற வரிசை புதியதிலும் அப்படியே இருந்தால் நிறம் எதுவானாலும் டிசைன் நிற்கும். வரிசை குலைந்திருந்தால், அசைன் பக்கத்தில் புதிய நிறங்களை மேலும் கீழும் இழுத்து இடம் மாற்றுங்கள், அல்லது அந்த ஒரு நிறத்தை மட்டும் வெளிறச் செய்யுங்கள். இணையத்துக்கான படமென்றால் கான்ட்ராஸ்ட் கணக்குப் போடும் கருவிகள் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்பது அங்கே பொதுவான வரம்பு. அச்சுக்கு அது சட்டம் இல்லை. ஆனால் மளிகைக் கடை விளக்கில் விலையைத் தேடும் பாட்டியை நினைத்தால் அந்த வரம்பை நான் இங்கேயும் மதிப்பேன்.

ஆரஞ்சு சேறு மாதிரி வந்தால் எண்ணைப் பாருங்கள். பச்சையிலிருந்து திருப்பிய நிறத்தில் கொஞ்சம் சியானும் கறுப்பும் மிச்சம் இருக்கும். ஆரஞ்சுக்குள் 10 சதவீதம் சியான் வந்தாலே அதன் பளபளப்பு போய்விடும். அந்த வரிசையில் டபுள் கிளிக் செய்து சி 0, எம் 60, ஒய் 100, கே 0 என்று கையாலேயே போட்டுவிடுங்கள். முக்கியமான நிறங்களை வீலை நம்பி விடாமல் எண்ணால் கொடுப்பதே நல்லது.

சில இடங்கள் அசையவே இல்லை

அசையாத இடத்தைத் தேர்ந்தெடுத்து, அப்பியரன்ஸ் பேனலைத் திறங்கள். விடை அங்கே இருக்கும்.

கொடி ஓரம் ஒரு ஆர்ட் பிரஷ்ஷாக இருந்து, ஸ்ட்ரோக் நிறம் மாற்றியும் பச்சையாகவே இருந்தால், பிரஷ் வரையும்போது கலரைசேஷன் முறை 'நன்' (எதுவுமில்லை) என்று விடப்பட்டிருக்கிறது. பிரஷஸ் பேனலில் அந்த பிரஷ்ஷை டபுள் கிளிக் செய்து 'டின்ட்ஸ்' என்று மாற்றுங்கள். அதன்பின் ஸ்ட்ரோக் சொல்வதைக் கேட்கும்.

பின்னணியில் கோலப் புள்ளிகள் பேட்டர்னாக இருந்தால், அதன் நிறம் பேட்டர்ன் ஸ்வாட்ச்சுக்குள் இருக்கிறது. ஸ்வாட்ச்சை டபுள் கிளிக் செய்து உள்ளே போய் மாற்றலாம். ரீகலர் வழியாகவும் மாறும். அப்போது பழைய பேட்டர்ன் அப்படியே இருக்க, புதிய ஒன்று ஸ்வாட்சஸில் சேரும்.

நிழலும் ஒளிவட்டமும் எஃபெக்ட்டுக்குள் தங்கள் நிறத்தை வைத்துக்கொண்டிருக்கும். அப்பியரன்ஸில் அந்த எஃபெக்ட்டின் பெயரைத் தட்டித் திறந்து மாற்ற வேண்டும். பச்சை கலந்த நிழல் ஆரஞ்சு லேபிளின் மேல் அழுக்குப்போல் தெரியும், விட்டுவிடாதீர்கள்.

தேர்ந்தெடுத்ததும் குறுக்கே ஒரு எக்ஸ் கோடு தெரிந்தால், அது லிங்க் செய்த வெளி ஃபைல், பெரும்பாலும் ஃபோட்டோ. ஃபோட்டோவென்றால் வெக்டரே இல்லை. ஃபோட்டோஷாப்பில்தான் வேலை.

திரையில் இருந்த விலை, அச்சில் காணோம்

ஊதா லேபிளில் படிக்க முடியாத கறுப்பு விலையை வெள்ளையாக்கினீர்கள். திரையில் அழகாக இருந்தது. பிரஸ்ஸிலிருந்து வந்த ப்ரூஃபில் (மாதிரி அச்சில்) விலையே இல்லை.

காரணம் ஓவர்பிரின்ட். கறுப்பு எழுத்துக்குப் பின்னால் வெள்ளை இடைவெளி தெரியாமல் இருக்க, கறுப்பை அடிநிறத்தின் மேலேயே அச்சிடும்படி அமைத்திருப்பார்கள். நிறத்தை மாற்றும்போது அந்த அமைப்பு கூடவே தங்கிவிடுகிறது. வெள்ளைக்கு மை கிடையாது. ஊதாவின் மேல் 'ஒன்றுமில்லாததை' அச்சிட்டால் ஊதாதான் மிஞ்சும். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் கொடுத்திருந்தால், ஊதாவும் மஞ்சளும் கலந்து ஏதோ ஒரு பழுப்பு வந்திருக்கும்.

விண்டோ > அட்ரிப்யூட்ஸ் பேனலில் 'ஓவர்பிரின்ட் ஃபில்' டிக்கை எடுங்கள். பிறகு வியூ > ஓவர்பிரின்ட் ப்ரிவ்யூ போட்டு முழு லேபிளையும் பாருங்கள். டாக்குமென்ட் செட்டப்பில் வெள்ளை ஓவர்பிரின்ட்டை நீக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது, ஆனால் அது வெள்ளையை மட்டும்தான் காப்பாற்றும். கறுப்பிலிருந்து வேறு நிறத்துக்குப் போன ஒவ்வொரு எழுத்தையும் இப்படிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அச்சுத் தட்டு எடுத்தபின் தெரிந்தால் செலவு உங்கள் தலையில்.

நிறம் திரையில் பளிச்சென்றும் அச்சில் மங்கலாகவும் இருந்தால், ஃபைல் ஆர்ஜிபியில் இருந்திருக்கும். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே ஃபைல் > டாக்குமென்ட் கலர் மோடில் சிஎம்ஒய்கேக்கு வந்துவிடுங்கள், அப்புறம் நிறம் தேர்ந்தெடுங்கள். இப்படி வரும்போது ஆர்ஜிபி கறுப்புக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்: இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான ஸ்வாப் ப்ரொஃபைலில் (அமெரிக்க அச்சுத் தரத்துக்கான நிற அமைப்பு) அது சி 75, எம் 68, ஒய் 67, கே 90 ஆகிறது. கூட்டினால் 300 சதவீத மை! எடையும் விலையும் அந்த நான்கு மையில் போகக் கூடாது. தேர்ந்தெடுத்து கே 100 மட்டும் கொடுங்கள்.

ஒவ்வொரு வகைக்கும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது

இதற்கு மருந்து குளோபல் ஸ்வாட்ச். லேபிளைத் தேர்ந்தெடுத்து ஸ்வாட்சஸ் பேனலில் நியூ கலர் க்ரூப் கொடுங்கள். 'செலக்டட் ஆர்ட்வொர்க்' தேர்ந்து, 'கன்வர்ட் ப்ராசஸ் டு குளோபல்' டிக் செய்யுங்கள். ஸ்வாட்ச் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன வெள்ளை முக்கோணம் வந்தால் குளோபல் ஆகிவிட்டது என்று பொருள். இனி அந்த ஸ்வாட்ச்சை டபுள் கிளிக் செய்து ப்ரிவ்யூ போட்டு எண்ணை நகர்த்தினால், ஃபைல் முழுக்க அது இருக்கும் இடமெல்லாம் கண்ணெதிரே மாறும். எதையும் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை. வெளிர்ப்பச்சைக்குத் தனி ஸ்வாட்ச் வேண்டாம், அதே பச்சையின் 40 சதவீத டின்ட் போதும். தாய் நிறம் மாறும்போது டின்ட்டும் கூடவே மாறும்.

பெயர் வைப்பதில் சோம்பல் படாதீர்கள். 'பச்சை 1', 'பச்சை 2' என்று வைத்தால் மிக்சர் லேபிளில் 'பச்சை 1' ஆரஞ்சாக இருக்கும், குழப்பம்தான். 'அடித்தளம்', 'ஓரம்', 'பட்டை', 'எழுத்து' என்று அந்த நிறம் செய்யும் வேலையைப் பெயராக வையுங்கள். லேபிள் வரையும் முதல் நாளே இதைச் செய்துவிட்டால் அடுத்த பத்து வகைக்கும் சேர்த்து வேலை முடிந்த மாதிரி.

இந்த ஸ்வாட்ச்களை வேறு ஃபைலுக்குக் கொண்டுபோகும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். ஏஎஸ்இ (அடோபி மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் ஸ்வாட்ச்) கோப்பாகச் சேமித்தால் பேட்டர்ன், க்ரேடியன்ட், டின்ட் எதுவும் உடன் வராது. அவை வேண்டுமென்றால் இல்லஸ்ட்ரேட்டர் லைப்ரரியாகவே சேமியுங்கள். அடுத்தது, முறுக்கு லேபிளிலிருந்து ஒரு பூவை மிக்சர் ஃபைலில் ஒட்டும்போது 'ஸ்வாட்ச் கான்ஃப்ளிக்ட்' என்று ஒரு பெட்டி வரும். இரண்டு ஃபைலிலும் 'அடித்தளம்' என்ற பெயர், ஆனால் வேறு வேறு எண். 'மெர்ஜ்' கொடுத்தால் ஒட்டிய பூ ஆரஞ்சுக்கு மாறிக்கொள்ளும். 'ஆட்' கொடுத்தால் பச்சையாகவே வந்து, தன் ஸ்வாட்ச்சையும் வேறு பெயரில் கொண்டுவரும். நம் லேபிளுக்கு வேண்டியது மெர்ஜ்தான். வேலையின் பெயரில் ஸ்வாட்ச் வைத்ததன் பலன் இங்கே கிடைக்கிறது.

இங்க்ஸ்கேப்பிலும் கோரல்ட்ராவிலும்

இங்க்ஸ்கேப்பில் எடிட் > செலக்ட் சேம் > ஃபில் கலர் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்ஸ் > கலர் > ரிப்ளேஸ் கலரும் இருக்கிறது, ஆனால் அது எண் அச்சாகப் பொருந்தினால்தான் மாற்றும். குளோபல் ஸ்வாட்ச்சுக்குச் சமமானது ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் டயலாகில் உள்ள ஸ்வாட்ச் வகை. அதை ஒருமுறை திருத்தினால் பகிர்ந்துகொண்ட வடிவங்கள் எல்லாம் மாறும். குளோன் (மூல வடிவத்தோடு இணைந்த நகல்) ஒன்று நிறம் ஏற்க மறுத்தால் மூல வடிவத்துக்குப் போய், ஃபில்லில் கேள்விக்குறி பட்டனைத் தட்டி நிறத்தை 'அன்செட்' ஆக்குங்கள். மூலத்தில் நிறம் இருக்கும் வரை குளோனுக்குச் சொந்த நிறம் கிடையாது.

கோரல்ட்ராவில் கலர் ஸ்டைல்ஸ் டாக்கரை (பேனலை)த் திறந்து, லேபிளைத் தேர்ந்தெடுத்து 'நியூ ஃப்ரம் செலக்டட்' கொடுங்கள். நிறங்களை ஹார்மனிகளாக, அதாவது நிறக் குழுக்களாக, தொகுத்துத் தரும். ஹார்மனியைச் சுழற்றினால் அதிலுள்ள நிறங்கள் ஒன்றோடொன்று உறவு மாறாமல் நகரும். ஒரே ஒரு நிறம் போதுமென்றால் எடிட் மெனுவின் ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் நிறத்தை மாற்றும் வழி இருக்கிறது. அதில் ஃபில், அவுட்லைன் இரண்டும் தனித்தனி. இரண்டும் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.